ஏணியும் தூங்குமூஞ்சியும்

பந்து இடி மாதிரி வளையத்துக்குள் இறங்கியது. இறக்கியவன் வளையத்தைப் பிடித்து ஒரு கணம் தொங்கிவிட்டுத் தொப்பென்று குதித்தான். அரங்கத்தின் பலகைத் தரை அதிர்ந்தது.

"மாமா, இவன்தான்! இவனையே பிடிச்சுப் போடுங்க" என்று கோச்சின் காதைக் கடித்தாள் மேனேஜர். அணிக்கெல்லாம் அவர் கோச், அவளுக்குத் தாய்மாமன். பிடித்த பிடியை விடாத மனுஷன்.

"அவசரப்படாதே. இன்னொருத்தன் இருக்கான்ல?" என்றார் அவர்.

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்தக் கூடைப்பந்து அணியில் எல்லாம் இருந்தது, வளையத்தடியில் நின்று பந்தைப் பறிக்க ஒரு நெட்டையன் மட்டும் இல்லை. போன சீசன் முழுக்க எதிரணிக்காரர்கள் இவர்கள் தலைக்கு மேலேயே ஆடிவிட்டுப் போனார்கள். இந்தத் தடவையும் கடைசி இடம் என்றால் அணியைக் கலைத்துவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். பெயர் பதிவு செய்ய இன்று சாயங்காலம்தான் கடைசி. கையிலிருக்கும் பணத்துக்கு ஒரே ஓர் ஆள், அதுவும் மலிவாக வந்தால்தான் உண்டு.

வந்தவர்கள் இரண்டு பேர். பந்தை இறக்கியவனுக்கு அணிப் பையன்கள் அதற்குள் 'ஏணி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இன்னொருவன் 'தூங்குமூஞ்சி'. உயரத்தில் ஏணிக்குச் சளைத்தவனில்லை. பந்து எங்கே வந்து விழுமோ அங்கே முன்கூட்டியே போய் நின்று பறித்தும் விட்டான். ஆனால் வளையத்தைப் பார்த்து அவன் எறிந்ததெல்லாம் பின்விளிம்பில் பட்டுத் தெறித்தது.

கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் விழுகிற கேப்டனுக்கே இன்று காலையிலிருந்து கை வரவில்லை. பதற்றம் எல்லோரையும்தான் பிடித்து ஆட்டுகிறது என்று நினைத்துக்கொண்டே பார்வையாளர் மாடத்தை நிமிர்ந்து பார்த்தவளின் முகத்தில் ஈயாடவில்லை.

கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் காலைத் தூக்கிக் காலில் போட்டுக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். பணக்கார அணிக்கு ஆள் பிடித்துத் தருபவர். இவர்கள் ஒரு நல்ல ஆளைத் தேடிக் கண்டுபிடித்தால் அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். ஏற்கனவே இரண்டு நெட்டையர்களை, கையெழுத்துப் போடும் நேரத்தில் வந்து கொத்திக்கொண்டு போனவர்.

"மாமா, மேல பாருங்க. அந்த ஆளு வந்திருக்கான். கதவைச் சாத்தி வச்சிருக்கக் கூடாதா?"

"காத்து வரட்டும்னு நான்தான் திறந்து வச்சேன்" என்ற கோச், குரலை உயர்த்தினார். "ஏணி! இன்னொரு தடவை போடுப்பா. நல்லா ஓடி வந்து!"

 இந்த மனுஷனுக்கு மூளை கீளை குழம்பிவிட்டதா?

ஏணி ஓடிவந்து எம்பினான். பந்து முன்விளிம்பை உரசி, ஒரு நொடி தயங்கி, உள்ளே விழுந்தது. பையன்கள் விசிலடித்தார்கள். மாடத்தில் கண்ணாடிக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

அவள் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். அதற்குள் அவர் இறங்கி வந்து, தோள் எட்டாததால் ஏணியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இவங்க குடுக்கறதைப் போல மூணு மடங்கு. வண்டி வெளியில நிக்குது. இப்பவே கையெழுத்து!"

"சார், இது கொஞ்சம்கூட நியாயமில்ல. எத்தனை தடவைதான் இப்படிப் பண்ணுவீங்க?" அவள் குரல் உடைந்தது.

"வேணும்னா நீங்களும் மூணு மடங்கு குடுங்களேம்மா. யாரு வேணாம்னாங்க?"

கோச் கும்பிடாத குறைதான். "தம்பி, உன்னை நம்பித்தான் இந்த சீசனே இருக்கு. எங்களை நடுத்தெருவுல விட்டுட்டுப் போயிடாதே."

அவர் கெஞ்சக் கெஞ்சக் கண்ணாடிக்காரரின் பிடி இறுகியது. ஏணி தலையைச் சொறிந்தான். "மன்னிச்சுக்குங்க சார். வீட்டுல தங்கச்சி படிப்பு இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்காரர் பின்னாலேயே போய்விட்டான்.

அவள் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அழக்கூடாது என்று நினைத்தும் கண்ணீர் வந்துவிட்டது. இந்தப் பையன்களை வீட்டுக்கு அனுப்பும் பாவமும் தன் தலையில்தான் விழப்போகிறது.

கோச் அவள் கையிலிருந்த ஒப்பந்தத்தை உருவினார். ஷூவைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்த தூங்குமூஞ்சியிடம் போய் நீட்டினார்.

"கையெழுத்துப் போடுப்பா."

"என்னையா சொல்றீங்க? நான் ஒண்ணுகூட போடலையே சார்!"

"போடுன்னா போடு."

அவன் போட்டான். "சத்தியமா சார், எப்பவும் இப்படி ஆனதில்ல. இன்னைக்கு என்னமோ எல்லாமே தாண்டித் தாண்டிப் போகுது."

"மாமா, வளையத்துல பந்து போடத் தெரியாதவனை வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறோம்?" அவளுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. "முதலாளிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

கோச் வாசலுக்குப் போய், பணக்கார அணியின் கார் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். கதவை இழுத்துச் சாத்தித் தாழ் போட்டார். பிறகு, அரங்கத்தைப் பராமரிப்பவரைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அண்ணே, நேத்து இறக்கின வளையத்தைப் பழையபடி அரைச் சாண் மேல ஏத்திடுங்க!"