ஃபாயினாவின் லெமன் டீ

டெஸ்ட் எடுக்கும் அதிகாரி பெல்ட்டை மாட்டிக்கொண்டு, போகலாம் என்று பேனாவை ஆட்டினார்.

தனபாக்கியம் கியரைப் போட்டாள். கார் லேசாக ஏறி இறங்கிப் புறப்பட்டது. கால் நடுங்குவதால்தான் இப்படி என்று நினைத்தாள்.

அதிகாரி எதையோ குறித்துக்கொண்டார்.

இது மூன்றாவது தடவை. திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். வீடு வீடாகப் போய் நோயாளிகளிடம் ரத்தம் எடுக்கும் வேலை. ஈரோட்டில் லேபில் இருந்தபோது, அவள் ஊசி குத்தினால் குழந்தைகள்கூட அழாது. ஆனால் லைசென்ஸ் இல்லாதவளுக்கு அந்த வேலை கிடையாது. ஹூஸ்டனில் கார் ஓட்டத் தெரியாவிட்டால் பால் வாங்கக்கூட இன்னொருவர் தயவு வேண்டும்.

கணவன் திருமூர்த்தி கெட்டவன் இல்லை. எங்கே போக வேண்டுமானாலும் நானே டிராப் பண்ணுகிறேன் என்பான். அதை நம்பி அவள் ஜன்னலோரம் காத்து நின்ற நேரத்தில் இன்னொரு டிகிரி வாங்கியிருக்கலாம். போன தடவை ஃபெயிலானபோதும் ஆறுதலாகத்தான் பேசினான். அந்த ஆறுதலைக் கேட்டுத்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவளுக்குக் கற்றுக்கொடுத்தவள் எதிர் ஃபிளாட் ஃபாயினா. சோவியத் உடைந்த பிறகு ஒடெசாவிலிருந்து வந்த யூதப் பெண். வந்த புதிதில் அவளுக்கும் பிரேக் எது, ஆக்ஸிலரேட்டர் எது என்று தெரியாது.

இந்த ஊர் யூதப் பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு நிதி நடத்துகிறார்கள். தங்கள் சமூகத்துப் பெண்களுக்கும் பெண் குழந்தைகளுக்கும் வருஷா வருஷம் ஏதாவது ஒன்றுக்குக் கொடுப்பார்கள். ஒரு வருஷம், புதிதாக வந்திறங்கிய பெண்கள் கார் ஓட்டப் பழகுவதற்குக் கொடுத்தார்கள். காரும் அவர்களே வாங்கிவிட்டார்கள். பதிலுக்குக் கேட்டது ஒன்றுதான். கற்றுக்கொண்டவள் இன்னொருத்திக்குக் கற்றுத்தர வேண்டும்.

ஃபாயினாவின் முறை வந்தபோது அவள் தனபாக்கியத்தைக் கை காட்டினாள். நிதியை நடத்துகிறவர்கள் கொஞ்சம் முழித்தார்கள். இவள் நம்ம ஆள் இல்லையே என்றார்கள். எதிர் வீட்டிலேயே ஒருத்தி ஜன்னலோரம் நிற்கும்போது நான் வேறு எங்கே போய்த் தேடுவது என்று கேட்டாளாம் ஃபாயினா. கார் சாவியைக் கொடுத்து, பெட்ரோலும் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

பழகியது ஊரை ஒட்டிய பேர்லேண்ட் மீனாட்சி கோயில் பார்க்கிங்கில். வேலை நாட்களில் காலை நேரத்தில் அங்கே ஈ காக்கை இருக்காது. ரெண்டு பேருக்கும் சேர்த்து இருந்ததே கொஞ்சம் ஆங்கிலம்தான். அதில் பாதி "ஸ்டாப்".

முதல் டெஸ்ட் அன்று தனபாக்கியம் நம்ம ஊர் வழக்கப்படி நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, உள்ளே கையெழுத்துப் போடப் போனாள். திரும்பி வருவதற்குள் ஃபாயினா நாலையும் பொறுக்கி எடுத்துவிட்டாள். மளிகைப் பையிலிருந்து உருண்டு விழுந்தவை என்று அவள் நினைப்பு. கழுவித் துடைத்து, ஒன்றை வட்டமாக நறுக்கி ஃபிளாஸ்க் டீயில் போட்டு, தனபாக்கியத்துக்கும் ஒரு கப் நீட்டினாள்.

குடித்தாள். ஃபெயிலானாள்.

அடுத்த முறை பழங்களை இன்னும் உள்ளே தள்ளி வைத்தாள். ஃபாயினா குனிந்து தேடி எடுத்தாள், இந்தப் பெண்ணுக்கு எத்தனை தரம் சொன்னாலும் பையை ஒழுங்காக மூடத் தெரியாது என்ற முகத்தோடு. மறுபடியும் லெமன் டீ. மறுபடியும் ஃபெயில்.

இதை யாரிடம் சொல்வது? திருமூர்த்தியிடம் சொன்னால் சிரிப்பான். ஃபாயினாவிடம் சொல்ல இருக்கிற ஆங்கிலம் போதாது. பாவம், ஆசையாகக் கொடுத்த டீ வேறு. அதனால் இன்று வெறுங்கையோடு வந்துவிட்டாள். பழமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்டால் போதும்.

இன்றைக்குக் கேட்டன.

ஸ்டாப் போர்டில் முழுசாக நின்றாள். பள்ளிக்கூடத்தருகே மெதுவாகப் போனாள். பின்னால் ஒரு பிக்கப் டிரக் ஹார்ன் அடித்தும் அசரவில்லை.

கடைசியில் பார்க்கிங். ரெண்டு கம்பங்களுக்கு நடுவே ரிவர்ஸில் காரை நுழைக்க வேண்டும். ரெண்டு தடவையும் இங்கேதான் கம்பத்தைச் சாய்த்தாள்.

கழுத்தைத் திருப்பினாள். பிரேக்கில் கால் வைத்தபடி மெள்ள மெள்ள வந்தாள். ஸ்டீயரிங்கை ஒடித்தாள், நேராக்கினாள்.

கார் உள்ளே போய் நின்றது. கம்பம் ஆடக்கூட இல்லை.

அதிகாரி கதவைத் திறந்து கீழே பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தார்.

புறப்பட்ட இடத்தருகே காரை நிறுத்திவிட்டு ஓடினாள். ஃபாயினா ஃபிளாஸ்க்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, பாஸாயிட்டனுங்க்கா."

கொங்குத் தமிழ் ஃபாயினாவுக்கு அட்சரம் பிசகாமல் புரிந்தது. ரெண்டு பேரும் நடு பார்க்கிங்கில் வெட்கமில்லாமல் கட்டிக்கொண்டு அழுதார்கள். அடுத்து டெஸ்டுக்கு நின்றவர்கள் கை தட்டினார்கள்.

பிறகு ஃபாயினா டீ ஊற்றினாள். வெறும் கட்டன் டீ. வழக்கமாக மிதக்கும் எலுமிச்சை வட்டத்தைக் காணோம்.

தனபாக்கியம் நிமிர்ந்து பார்த்தாள். ஃபாயினா முகவாயால் தரையைக் காட்டினாள்.

கார் புறப்பட்ட இடத்தில் நாலு எலுமிச்சம்பழங்கள் நசுங்கிக் கிடந்தன.

போன வாரம் கோயிலில் யாரோ புது வேனுக்குப் பூஜை போட்டார்கள். குருக்கள் டயருக்கடியில் பழம் வைத்ததிலிருந்து வேன் ஏறி நசுக்கும்வரை, ஃபாயினா டீயைக் குடிக்க மறந்து வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது இப்போது தனபாக்கியத்துக்கு ஞாபகம் வந்தது.

"டுடே, நோ லெமன் டீ" என்றாள் ஃபாயினா.