வரேன் சொல்லாத ஸ்கிரிப்ட்

டொக், டொக், டொக். தட்டத் தட்டக் கதவு திறக்கவே இல்லை.

தட்டியவன் துடுக்கன் என்கிற ஸ்கிரிப்ட், விடுதிக் கணினியில் ஓடும் ஒரு குட்டி நிரல். விடுதியில் இந்த வேளைக்குச் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர் என்று, விடுதிக் கணக்கையெல்லாம் வைத்திருக்கும் டேட்டாபேஸ் அக்காவிடம் கேட்டு, சமையற்கட்டுக்குச் சொல்வதுதான் அவன் பிழைப்பு. எண் வராமல் உலையில் அரிசி விழாது. அப்புறம் விடுதியே பட்டினிதான்.

"பாஸ்வேர்டு தப்பாக்கா?"

"சரியாத்தான் இருக்கு."

"அப்ப என் கேள்வியில கோளாறா?"

"உள்ளயே வரல, அதுக்குள்ள கேள்வியாம். இணைப்பு எல்லாத்துலயும் ஆள் உட்கார்ந்திருக்கு, இடமில்லடா."

துடுக்கனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எந்த வெட்டிப்பயலுங்க அவனுங்க? கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுங்கக்கா!"

"நீயே பாரு" என்று அக்கா ஜன்னலைத் திறந்தாள்.

உள்ளே இருந்த அத்தனை பேரும் துடுக்கன்கள். காலை இட்லிக்குக் கணக்குக் கேட்க வந்தவன், மதியச் சோற்றுக்கு வந்தவன், நேற்று வந்தவன். போன வாரம் வந்த ஒருத்தன் குறட்டையே விட்டுக்கொண்டிருந்தான்.

"பதில் கைக்கு வந்ததும் ஓடிப் போயிடுற, நீ பிடிச்ச இடம் மட்டும் உன் உருவத்துல இங்கயே உட்கார்ந்திருக்கு. 'வரேன்க்கா'ன்னு ஒரு வார்த்தை சொன்னியாடா என்னைக்காவது? நீ சொல்லாம இவனுங்களை நான் எப்படி எழுப்புவேன்?"

துடுக்கன் தலையைச் சொறிந்தான். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருத்தனுக்காகவும் "வரேன்க்கா, வரேன்க்கா" என்று சொல்லிக்கொண்டே போனான். ஒவ்வொருத்தனாக வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து பின்வாசல் வழியாக வெளியேறினான். குறட்டைக்காரனுக்கு மட்டும் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

கதவு திறந்தது. துடுக்கன் உள்ளே போய் உட்கார்ந்தான்.

"ராத்திரிச் சாப்பாட்டுக்கு எத்தனை பேருக்கா?"

அக்கா எண்ண ஆரம்பித்தாள்.