சோகமா முடியறதா குடுங்க

“மருத்துவ மர்மக் கதை ஏதாவது இருக்கா சார்?” என்று கேட்டாள் அன்புசெல்வி.

நெல்லித்தோப்பில் வாடகைக்குப் புத்தகம் கொடுக்கும் சக்கரபாணி உற்சாகமாக ஒன்றை எடுத்து நீட்டினார். “இதப் படிம்மா. கடைசியில நோயாளி பொழைச்சிடுவான். மனசுக்கு நிம்மதியா இருக்கும்.”

“வேணாம் சார். நோயாளி சாவுற கதையா குடுங்க. அதுவும் ஆபரேஷன் டேபிள்லயே சாவணும்.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “யாராச்சும் ஆஸ்பத்திரியில இருக்காங்களா?”

“ஆமா. தெய்வநாயகம்னு ஒரு பெரியவரு. நாளைக்குக் காலையில அவருக்கு இதய ஆபரேஷன்.”

“உன் மாமனாரா? அவரு படுக்கையில கெடக்குறாரு, நீ சாவுற கதையா கேக்குற? அவருகிட்ட படிச்சிக் காட்டப் போறியா? நல்ல மருமவம்மா நீ!”

அன்புசெல்வி சிரித்துவிட்டாள். “அவரு என் மாமனாரு இல்ல சார். அவருக்கு ஆபரேஷன் பண்ணப் போறதே நான்தான்.”

சக்கரபாணி நீட்டிய புத்தகத்தைக் கீழே வைத்தார்.

“நல்லபடியா முடியற கதையில டாக்டருக்கு எல்லாமே சரியா நடந்துடும் சார். சோகமா முடியறதுலதான் எந்த இடத்துல கவனம் தப்புச்சுன்னு எழுதியிருப்பாங்க. பெரிய ஆபரேஷன் ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி அப்படி ஒரு கதையப் படிச்சிடுவேன். அந்தத் தப்பு நம்மகிட்ட நடந்தா என்ன பண்றதுன்னு எங்க ஆளுங்க எல்லாரையும் உக்கார வெச்சிப் பேசுவேன். அந்தப் பெரியவரு பொழைச்சி வீட்டுக்குத் திரும்பிப் போவணும் சார்.”

சக்கரபாணி எழுந்து உள்ளே போனார். ஒரு கட்டுப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்துவந்து, இரண்டு கையாலும் கொடுத்தார்.

“எடுத்துக்குங்க டாக்டரம்மா. இதுல ஒருத்தன்கூடப் பொழைக்க மாட்டான்!”