சந்தையில் வாங்கிய மாத்திரை

“பல் விளக்கறப்ப ரத்தம் வருதுங்களா ஐயா?”

“இல்லீங்க.”

“வெளிக்கிப் போறது கறுப்பா, தார் மாதிரி?”

“அதெல்லாம் இல்லீங்க.”

“வலி மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறீங்களா?”

“தொட்டதே இல்லீங்க.”

டாக்டர் தீபிகா கையிலிருந்த ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தார். சீட்டு வேறு மாதிரி சொன்னது.

நாமக்கல்லில் அந்த ஆஸ்பத்திரிக்குப் பொன்னன் நெஞ்சு வலியோடு வந்து மூன்று நாளாகிறது. எருமப்பட்டிப் பக்கம் கோழிப்பண்ணையில் முட்டை எடுக்கிறவர். இதயக் குழாயில் இரண்டு அடைப்பு. போர்வெல் போடும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் இருந்த மகன் சந்தோஷ்குமார், சேதி கேட்டு அரக்கப்பரக்க வந்து சேர்ந்திருந்தான்.

“ஏனுங்க மேடம், ஸ்டென்ட் வெக்கறதுன்னா வெச்சு உடுங்க. ஹார்ட்டுக்கு வந்தவரைப் போயி பல்லு, வெளிக்கின்னு கேட்டுட்டு இருக்கறீங்க?”

தீபிகா கோபப்படவில்லை.

“ஸ்டென்ட் வெச்சா, ரத்தம் உறையாம இருக்க ரெண்டு மாத்திரை மாசக்கணக்கா சாப்பிடணும். வயித்துல புண்ணு இருந்தா, அந்த மாத்திரையால ரத்தம் நிக்காமப் போகும். அப்புறம் அடைப்பை எடுத்தும் பிரயோஜனம் இல்லை. அப்பாவுக்கு ஹீமோகுளோபின் ஒன்பதுதான் இருக்கு. ரத்தம் எங்க போகுதுன்னு தெரியாம நான் கை வெக்க முடியாது.”

சந்தோஷ்குமார் அப்பாவிடம் திரும்பினான்.

“மறைக்காமச் சொல்லுங்கப்பா.”

பொன்னன் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“ரெண்டு மாசமாக் கறுப்பாத்தான் போகுதுங்க” என்றார் மெல்ல. “முட்டி வலிக்கு மாத்திரை திங்கறேன். சந்தையில ஒரு ஆளு விக்கறான்.”

“அறிவிருக்குதுங்களாப்பா?” மகன் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. “ஒவ்வொருக்கா ஊருக்கு வாரப்பவும் மூலிகை மருந்து தேடி வாங்கியாந்து தாரேன். அதை உட்டுப்போட்டு, எவனோ சந்தையில விக்கறதைத் தின்னுட்டு வந்து படுத்திருக்கறீங்க! டாக்டர்கிட்டயும் பொய்யி!”

“தப்புத்தான் சாமி.”

“வயசாயும் புத்தி வரலை பாரு” என்று அடுத்த கட்டில்காரர் தன் மனைவியிடம் முணுமுணுத்தார்.

“திட்டாதீங்க” என்றார் தீபிகா. “இப்ப வலி அடங்கியிருக்கு, அவசரமில்லை. முதல்ல வயித்துல குழாய் விட்டுப் பார்த்துப் புண்ணை ஆத்துவோம். ஸ்டென்ட்டை அப்புறம் வெச்சுக்கலாம். வெளியே நர்ஸ்கிட்ட கையெழுத்துப் போட்டுட்டு வாங்க.”

சந்தோஷ்குமார் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனான்.

தீபிகா கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எந்தச் சந்தைங்கய்யா? அந்த ஆளு மேல புகார் குடுக்கணும். இன்னும் எத்தனை பேரு தின்னுட்டு இருக்காங்களோ.”

பொன்னன் வாசலை ஒருமுறை பார்த்தார். அப்புறம் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார். மேலே பச்சை இலை படம். இந்தியில் ஏதோ எழுதியிருந்தது.

தீபிகா ஒரு மாத்திரையை உடைத்துப் பார்த்தார்.

“மூலிகைன்னு சொல்லி வலி மருந்தைக் கலந்து விக்கறது இப்ப நிறைய நடக்குது. அனுப்பிப் பரிசோதிச்சுடலாம்...” சட்டென நிறுத்தினார். “ஐயா, இது உங்க மகன் வாங்கியாந்ததா?”

“ஆமாங்க. இதைத் திங்க ஆரம்பிச்ச பொறகுதான் கறுப்பாப் போச்சு.”

“அவருகிட்ட நான் சொல்லியாகணுமே. நாளைக்கு வேற யாருக்காச்சும் வாங்கிக் குடுத்துட்டாருன்னா?”

“சொல்லுங்க சாமி, வேண்டாங்கலை. நான் பொழைச்சு ஊடு போய்ச் சேந்த பொறகு சொல்லுங்க. இப்பச் சொன்னா, அப்பனை நாமளே கொல்லப் பாத்துட்டமேன்னு அவன் இடிஞ்சு போயிருவான்.”