மூன்றாம் குழிச் சக்கரம்

"இது வெறும் கீறல் இல்லம்மா. ஓடுது பாருங்க. நாலு பேர் ஒருத்தரை ஒருத்தர் துரத்துற மாதிரி ஓடுது."

தகரக் கொட்டகைக்குள் தாடி சாரின் குரல் பாதி சிரிப்பும் பாதி அழுகையுமாக வந்தது. அகழாய்வுக்கு அவர்தான் தலைவர். ஏழு மாதமாக மண்ணையும் உடைந்த ஓட்டையும் தவிர எதையும் பார்க்காத மனிதர். இன்று காலை மூன்றாம் குழியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பானை ஓடு கிடைத்தது. அதில் ஒரு சுழலும் சக்கரம்.

வெளியே வந்தவர், வேலையாட்களை நிழலில் உட்கார வைத்துப் பாடமே நடத்திவிட்டார். ஒரு நாட்டில் இது சூரியனாம். இன்னொரு நாட்டில் நாலு திசைக் காற்றாம். கடலோரத்து மக்களுக்கு நீர்ச்சுழியாம். வலப்பக்கம் சுழன்றால் பகல், இடப்பக்கம் சுழன்றால் இரவு என்று பிரித்தவர்களும் உண்டாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத ஜனங்கள் எப்படி ஒரே படத்தை வரைந்தார்கள் என்று கேட்டுவிட்டு, அவரே வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"எங்க வீட்டு ஃபேன் மாதிரி இருக்கு சார். என்ன, அது சுத்தாது," என்றார் மண்வெட்டிக்காரர்.

எல்லோரும் சிரித்தார்கள். சமையல்காரர் மட்டும் புலம்பிக்கொண்டிருந்தார். மூணு மணிக்குப் பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள். போன வாரம் வாங்கிய தேயிலை டப்பாவிலோ அடி தெரிகிறது. வருகிறவர்களுக்கு வெந்நீரா கொடுப்பது?

சிரிக்காத இன்னொருத்தி கொட்டகை ஜன்னலுக்கு வெளியே நின்றாள். கொட்டகைக்குள் ஓடுகளை அளவெடுத்து வரையும் அம்மாவின் பெண். பதினைந்து வயது.

வருகிற திங்கட்கிழமையோடு தோண்டலை மூடச் சொல்லி ஏற்கெனவே கடிதம் வந்திருந்தது. மூடினால் அம்மாவுக்கு வேலை இல்லை. மறுபடி மூட்டை கட்ட வேண்டும். அடுத்து சேர்வது அவளுக்கு ஐந்தாவது பள்ளிக்கூடமாக இருக்கும். இப்போதோ, சக்கரம் கிடைத்த ஒரு மணி நேரத்தில் தாடி சார் மேலிடத்தோடு போனில் பேசி இன்னும் ஒரு வருஷத்துக்கு வாய்வார்த்தை வாங்கிவிட்டார்.

எல்லோரும் சாப்பிடப் போனதும் அவள் உள்ளே நுழைந்தாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். கத்தாதே."

ஒரே மூச்சில் கொட்டினாள். போன திங்கட்கிழமை சாயங்காலம், கழித்துப் போட்ட ஓட்டுக் குவியலில் ஒன்றை எடுத்தது, காம்பஸ் முள்ளால் சக்கரம் கீறியது, மூன்றாம் குழி மூலையில் போட்டுக் காலால் மண் தள்ளியது, எல்லாவற்றையும்.

"ஏதாவது கிடைச்சா மூட மாட்டாங்கன்னு நினைச்சேன். இவ்வளவு பெருசாகும்னு தெரியலம்மா. பேப்பர்ல வர்றதுக்குள்ள சார்கிட்ட சொல்லிடலாம். அப்புறமா தெரிஞ்சா உன்னைத்தானே வெளிய அனுப்புவாங்க?"

அம்மா பென்சிலைக் கீழே வைத்தாள். திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. எழுந்து கதவைத் தாழிட்டு வந்து, பஞ்சு விரித்த பெட்டியை மகள் பக்கம் நகர்த்தினாள்.

"நல்லா பாத்துச் சொல்லு. இதுவா?"

அவள் குனிந்தாள். மண்ணே உறிஞ்சியது போலப் பழுப்பேறிய கோடுகள். நாலு கைகளும் வலப்பக்கம் வளைந்து, கண்ணெதிரே சுழன்றன.

"இது இல்ல." குரல் கிறீச்சிட்டது. "என்னோடது இடப்பக்கம் சுத்தும்மா. அதுல ஒரு கை நொண்டி. இது வேற. இது நிஜம்மா!"

அம்மாவை அப்படியே கட்டிக்கொண்டதில் நாற்காலி முனகியது. சூரியன் நிஜம், காற்று நிஜம், தாடி சாரின் கண்ணீர் நிஜம். இன்னும் ஒரு வருஷம் அதே பள்ளி, அதே பெஞ்சு. ஓட்டுக் குவியலைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வரலாம் போலிருந்தது. அப்புறம்தான் உறைத்தது.

"அப்ப என்னோடது எங்கே போச்சு?"

அம்மா மேஜை இழுப்பறையைத் திறந்து, ரப்பர் துண்டுகளுக்கு அடியிலிருந்து ஒரு ஓட்டை எடுத்து வைத்தாள். இடப்பக்கம் சுழலும் நொண்டிச் சக்கரம்.

"செவ்வாய்க்கிழமை சல்லடையில வந்துச்சு. நல்லவேளை, வேற யாரும் பாக்கல. இடது கைக் கிறுக்கல்னு பாத்ததுமே உன் வேலைன்னு தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சும் ஏம்மா என்னைத் திட்டல?"

அம்மா கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு, நகக்கண் வரை பழுப்பேறிய விரலால் மகளின் ஓட்டைத் தொட்டுக் காட்டினாள்.

"புதுசா கீறினா இப்படித்தான் வெள்ளையா பல்லைக் காட்டும்," என்றாள் மெல்ல. "ரெண்டு நாள் கெட்டி டீத்தண்ணியில ஊறப் போடணும்டி."