யானை வழியும் புது வீடும்

"கொய்நெட் ரெண்டாவது கல்யாணத்துக்கு ரெடியாயிட்டான்டி!"

வேலியோரம் எட்டிப் பார்த்த பர்சலோய்க்கு வயிறு எரிந்தது. பக்கத்து நிலத்தில், மேட்டுக்கு அந்தப் பக்கம், கொய்நெட்டின் மனைவி ஒரு புது வீட்டுக்குச் சாணி பூசிக்கொண்டிருந்தாள்.

மசாய்க்காரன் நிலத்தில் புது வீடு எழும்பினால், புதுப் பெண்டாட்டி வருகிறாள் என்று அர்த்தம்.

"எல்லாம் யானை கொடுத்த வாழ்வு!"

கென்யாவின் அம்போசெலிக் காட்டு யானைகள் மலைக்குப் போய்வர நிலம் விடுகிறவர்களுக்கு வனவிலங்குச் சங்கம் குத்தகைப் பணம் தருகிறது. அந்த வழி கொய்நெட்டின் நிலத்துக்குள்ளேயே போய்விட்டது. பர்சலோயின் நிலத்தை அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"உனக்கும் ஆசைன்னா கட்டிக்கய்யா," என்றாள் அவன் மனைவி ரெசியாத்தோ. "ஆனா அவளுக்கு வீட்டை நீயே கட்டு. நான் சாணியைத் தொடமாட்டேன்."

"ஆசை இல்லடி, ஆத்திரம்! ஒரே வருஷம் ஈட்டி பிடிச்சு வீரரானவங்க நாங்க. ஒரு குடுவைப் பாலைக்கூட என்னை விட்டுட்டுக் குடிக்க மாட்டான். இப்ப ஒரு வார்த்தை சொன்னானா?"

மாடு ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தான் கொய்நெட்.

"என்ன மாப்பிள்ளே, விருந்து எப்போ?" பர்சலோய் குத்தலாகக் கேட்டான்.

"முதல்ல வீடு காயட்டும்டா!" சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. பர்சலோய் விறுவிறுவென்று சங்க அலுவலகத்துக்கு நடந்தான்.

"ஏன் தம்பி, யானைக்கு என் நிலம் கசக்குதா? அவன் உங்களுக்கு எத்தனை ஆடு வெட்டிப் போட்டான்?"

முன்கே என்ற அந்த அதிகாரி வரைபடத்தை விரித்தார். சிவப்பில் ஒரு கோடு. பக்கத்தில் அடித்துவிட்ட இன்னொரு கோடு.

"இந்த அடிச்ச கோடுதான் நாங்க முதல்ல போட்டது. எது மேல போகுதுன்னு பாருங்க."

பர்சலோய் குனிந்து பார்த்தான். "என்... என் கிணத்து மேல."

"ஆமா. கிணத்தையும் மூடணும், தக்காளித் தோட்டத்தையும் எடுக்கணும். கொய்நெட்தான் ஒரு மாசம் எங்க காலைச் சுத்திச் சுத்தி வந்து, கோட்டைத் தன் பக்கம் தள்ள வெச்சார்."

"அவனுக்கென்ன, அங்க வெறும் புல்லுதானே?"

"வெறும் புல்லா? அவர் குடியிருக்கிற வீடே இப்ப அந்தக் கோட்டு மேலதான் இருக்கு. அதைப் பிரிக்கணும்னுதான் மேட்டுக்கு அந்தப் பக்கம் புதுசு கட்டுறாங்க!"