நட்சத்திரம் மறைந்த பதினொரு விநாடி

பனிச்சங்கேணி வாவிக்கரையில், மாலை ஏழு மணிக்கு, முகில் ஒருவழியாக விலகுகிறது. விரிவுரையாளர் வதனி தொலைநோக்கியில் கண்ணை வைத்து அசையாமல் நிற்கிறாள். கரியைப்போல் கறுத்த பெரிய சிறுகோள் ஒன்று இப்போது ஒரு நட்சத்திரத்தை மறைத்துக் கடக்கவேண்டும். எவ்வளவு நேரம் மறைக்கிறது என்பதை வைத்துத்தான் அதன் அகலத்தைக் கணக்கிடலாம். கொக்கட்டிச்சோலையில் நின்ற மற்றக் குழு மழையென்று திரும்பிவிட்டது. இரண்டு வருட உழைப்பு இனி இவள் கண்ணில்தான்.

"மறைஞ்சிட்டு," என்கிறாள். கூட வேலைசெய்யும் ஸகியா கடிகாரத்தை அமுக்குகிறாள். கரையில் அலை மெல்லத் தட்டுகிறது. தூரத்தில் ஒரு தோணி துடுப்பை நிறுத்தியிருக்கிறது.

"நட்சத்திரம் திரும்ப வந்திட்டு," என்கிறாள் வதனி. ஸகியா மறுபடி அமுக்குகிறாள்.

"பதினொரு விநாடி. குறைஞ்சது நூற்றறுபது கிலோமீற்றர் வரும், என்ன?"

"ஓம், வரும்."

வதனி ஈரமணலில் அப்படியே இருந்துவிடுகிறாள்.

"விடிஞ்சதில இருந்து ஒண்டும் சாப்பிடல்ல ஸகியா," என்கிறாள். "இப்பதான் பசிக்குது."